ஒரு போதகரும் முப்பது கோவிற்பற்றுகளும்

வலிகாமத்தில் 14. தென்மராட்சியில் 5. வடமராட்சியில் 3. பச்சிலைப்பள்ளியில் 4. இவற்றுடன் தீவுப்பகுதியின் ஆலயங்கள். 1658 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகையின் பின் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் கையளித்தபோது, கோட்டையோடு கைமாறிய சொத்துகளில் இந்த ஆலயங்களும் அடங்கியிருந்தன. பிரான்சிஸ்கன் சபையினரும் யேசு சபையினரும் நாற்பது ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய முப்பதுக்கு மேற்பட்ட கோவிற்பற்றுகள் ஒரே நாளில் குருமார் இன்றி நின்றன. அவற்றின் குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுடைய இடத்தை நிரப்ப ஒல்லாந்தக் கம்பனியிடம் அப்போது இருந்தவர் ஒரேயொரு போதகர். அவருக்கு வயது 25.

அவர்தான் பிலிப்பஸ் பல்தேயஸ். யாழ்ப்பாண வரலாற்றைப் படித்தவர்கள் எல்லோரும் இப்பெயரை எங்கேனும் ஓர் அடிக்குறிப்பில் சந்தித்திருப்பார்கள். பதினேழாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதும் எவரும் அவருடைய நூலைத் தொடாமல் எழுத முடியாது. ஆனால் அந்த நூலை எழுதிய மனிதர் இங்கே என்ன செய்தார், அவர் செய்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதைப் பற்றித் தமிழில் நாம் அதிகம் பேசியதில்லை. கத்தோலிக்கருக்கு அவர் தம் ஆலயங்களைப் பறித்தவர். சைவருக்கு அவர் அந்நிய மதத்தைத் திணித்த ஆட்சியின் ஆள். புரட்டஸ்தாந்துக்காரரோ தங்கள் வரலாற்றை 1816 இல் வந்த அமெரிக்க மிசனரிமாரிடமிருந்து தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே அவரை உரிமை கொண்டாட ஆளில்லை.

பல்தேயஸ் 1632 இல் ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். அவரை வளர்த்து ஆளாக்கியவர்களில் ரொபேர்ட்டஸ் யூனியஸ் என்ற உறவினரும் ஒருவர். இந்த யூனியஸ் சாதாரண மனிதரல்லர். போர்மோசா என்று அன்று அழைக்கப்பட்ட தாய்வான் தீவில், ஒல்லாந்தக் கம்பனியின் போதகராகப் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றியவர். அத்தீவின் பூர்வகுடிகளுடைய மொழியைக் கற்று அம்மொழியிலேயே ஞானோபதேசம் எழுதியவர். அந்நிய தேசத்துச் சனங்களிடம் போகிறவன் அவர்களுடைய மொழியில் பேச வேண்டும் என்பதைப் பல்தேயஸ் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதைச் செய்து காட்டிய ஒருவரின் அருகிலிருந்து வளர்ந்தவர். பின்னாளில் யாழ்ப்பாணத்தில் அவர் எடுத்த ஒரு நிலைப்பாட்டுக்கு இதுவே வேர் என்பது என் எண்ணம்.

குரோனிங்கனிலும் லெய்டனிலும் கல்வி. பின்னர் கப்பற் பயணம். 1655 இல் பத்தாவியா. அதன்பின் மலாக்கா, காலி. 1658 இல் றைக்கிளோஃப் வான் கூன்ஸ் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் என்று ஒவ்வொன்றாகப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிக்கொண்டு வந்தபோது, அந்தப் படையோடு வந்த போதகர் இவர். தூத்துக்குடியில் பரதவர்கள் இவருடைய போதனைக்குச் செவிசாய்க்கவில்லை. பிரான்சிஸ் சவேரியார் காலத்திலிருந்து நூறாண்டுகளுக்கு மேலாகக் கத்தோலிக்கராக இருந்த அச்சமூகம் தன் மாதாவையும் சுரூபங்களையும் விட்டுக்கொடுக்க மறுத்தது. இதைப் பல்தேயஸே மறைக்காமல் எழுதியிருக்கிறார். சவேரியாரைப் பற்றி அவர் மிகுந்த மதிப்போடு எழுதியிருப்பதும் கவனிக்கத்தக்கது. எதிர்ச்சபையைச் சேர்ந்த ஒருவரை, அதுவும் யேசு சபையினர் ஒருவரை, அக்காலத்துக் கல்வினியப் போதகர் இந்த அளவுக்குப் புகழ்வது அரிது.

கோட்டை வீழ்ந்தபின் அவர் யாழ்ப்பாணத்தில் தங்கினார். 1665 வரை, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள்.

முப்பது கோவிற்பற்றுகளை ஒரு மனிதர் எப்படிப் பராமரித்தார்? யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து தெல்லிப்பழைக்கு ஏறக்குறைய 15 கிலோமீற்றர். பருத்தித்துறைக்கு 30 கிலோமீற்றருக்கு மேல். முகமாலைக்கு இன்னும் கூட. தீவுகளுக்குத் தோணி ஏற வேண்டும். மாரியில் வெள்ளம், கோடையில் மணற்காடு. ஒவ்வொரு ஞாயிறும் ஓர் ஆலயம் என்று சுற்றினாலும் ஒரு கோவிற்பற்றின் சனங்கள் தங்கள் போதகரை ஆண்டுக்கு இரண்டு தடவைகூடக் காண்பது சந்தேகம். கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தப் படையினருக்கும் உத்தியோகத்தர்களுக்கும் அவர்தான் போதகர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எனவே நடைமுறையில் கோவிற்பற்றை நடத்தியவர் சட்டம்பியார். ஒவ்வோர் ஆலயத்தையும் ஒட்டி ஒரு பாடசாலை. அதற்கு உள்ளூர்த் தமிழரான ஒரு சட்டம்பியாரும் அவருக்கு உதவியாளரும். கிழமை நாட்களில் பிள்ளைகளுக்கு எழுத்தும், கர்த்தருடைய செபமும், விசுவாசப் பிரமாணமும், பத்துக் கட்டளைகளும் கற்பித்தல். ஞாயிற்றுக்கிழமையில் பெரியவர்களைக் கூட்டிவைத்துச் செபத்தையும், தமிழில் எழுதித் தரப்பட்ட பிரசங்கத்தையும் வாசித்தல். பிறப்பு, திருமணம் என்பவற்றைத் தோம்பில் பதிதல். பிள்ளையை அனுப்பாத வீட்டுக்குத் தண்டம் விதித்தல். இவ்வளவும் சட்டம்பியாரின் கடமை. போதகர் சுற்றுப்பயணமாக வரும் நாளில் பிள்ளைகள் வரிசையாக நிறுத்தப்படுவார்கள், வினாவிடை கேட்கப்படும், காத்திருக்கும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானமும் காத்திருக்கும் சோடிகளுக்குத் திருமணமும் நடக்கும், தோம்பு பார்வையிடப்படும். அடுத்த நாள் போதகர் அடுத்த ஊரில்.

இதைப் பாடசாலை ஆய்வாளர் ஒருவரின் வாழ்க்கை என்று சொன்னால் தவறாகாது. பல்தேயஸின் நூலில் ஊர் ஊராக அவர் தரும் விவரங்களைப் பார்த்தால் கண்ணில் படுவது அதுதான்: இந்த ஆலயம் கல்லால் ஆனது, இதற்குக் கூரை ஓலை, இங்கே பிள்ளைகள் இத்தனை பேர், சபைக்கு வருவோர் இத்தனை பேர். நூலில் ஆலயங்களின் சித்திரங்களும் செதுக்கி அச்சிடப்பட்டுள்ளன. தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், வண்ணார்பண்ணை, நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய், புத்தூர் என்று வலிகாமத்தின் பதினான்கும் அங்கே வரிசையாக நிற்கின்றன. பருத்தித்துறையில் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. அதன் நிழலில் தாம் பிரசங்கித்ததை அவரே எழுதியிருக்கிறார். வடமராட்சியில் அந்தப் புளிக்கு 'பல்தேயஸ் புளி' என்ற பேர் நெடுங்காலம் வழங்கியது. மரம் இன்று இல்லை.

அவருடைய காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிறிஸ்தவர்களாகப் பதியப்பட்டோர் 60,000 பேருக்கு மேல். இந்தத் தொகையைக் கண்டு வியப்பதற்கு முன் அது எவ்வாறு வந்தது என்று கேட்க வேண்டும். போர்த்துக்கேயர் காலத்தில் திருமுழுக்குப் பெற்றவர்களை ஒல்லாந்தர் அப்படியே தம் சபையில் சேர்த்துக்கொண்டனர். கத்தோலிக்கராக உறங்கச் சென்றவர்கள் புரட்டஸ்தாந்துகளாக விழித்தெழுந்தார்கள். 1658 இலேயே கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்துவிட்டது. சைவ ஆலயங்களோ போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்ட நிலையிலேயே கிடந்தன. அவற்றைத் திரும்பக் கட்ட அனுமதியில்லை. அரசாங்க உத்தியோகம் வேண்டுமா, முதலியார் பட்டம் வேண்டுமா, பிள்ளைக்கு முதுசொம் உரிமை சிக்கலின்றிச் சேர வேண்டுமா, தோம்பில் பெயர் இருக்க வேண்டும். தோம்பு ஆலயத்தில் இருந்தது.

விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூரை முகட்டில் செருகி மறைத்தார்கள் என்பது நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லிவந்த செவிவழிச் செய்தி. சிலர் அதைப் பறங்கியர் காலத்துக்குச் சொல்வர். சிலர் ஒல்லாந்தர் காலத்துக்குச் சொல்வர். இரண்டு காலத்துக்கும் அது பொருந்தும்.

பல்தேயஸ் இதையெல்லாம் அறியாதவரல்லர். இச்சனங்கள் பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்துகொண்டு பழைய வழக்கங்களை விடாதிருக்கிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். திருவிருந்துக்கு அவர் அனுமதித்த உள்ளூர்வாசிகள் மிகச் சிலர் மட்டுமே. ஞானஸ்நானம் எல்லோருக்கும், திருவிருந்து சிலருக்கு என்ற இந்த இடைவெளிதான் அவருடைய பணியைப் பற்றிய மிக நேர்மையான சாட்சி. ஆயிரக்கணக்கானோரைத் தோம்பில் எழுதும் ஆட்சிக்கு அவர் உடன்பட்டார். ஆனால் தம் கையால் அப்பமும் இரசமும் கொடுக்கும் இடத்தில் அவருடைய மனச்சாட்சி கணக்கை ஏற்க மறுத்தது. அந்தக் கணக்கையே ஏற்க மறுத்துக் கம்பனிக்கு எழுதியிருக்கலாமே என்று இன்று நாம் கேட்கலாம். கேட்க வேண்டியதும்தான். சம்பளம் கம்பனியிடமிருந்து வந்தது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் போதகர் என்பவர் கம்பனியின் ஊழியர். அவரை நியமிப்பதும் மாற்றுவதும் திருப்பி அனுப்புவதும் கம்பனி.

ஒரு விடயத்தில் மட்டும் அவர் வளைந்துகொடுக்கவில்லை. அதுவே தமிழ் வாசகர்கள் அவரை நினைவு கூர்வதற்கு முதற் காரணமாக இருக்க வேண்டும்.

பாடசாலைகளில் ஒல்லாந்த மொழியைக் கற்பிக்க வேண்டும், சனங்கள் நம் மொழியைக் கற்றால் மதமும் ஆட்சியும் ஒருங்கே வேரூன்றும் என்ற எண்ணம் கம்பனியின் மேலிடத்தில் இருந்தது. பல்தேயஸ் அதை எதிர்த்தார். அவருடைய வாதம் எளிமையானது: ஒரு நாட்டுச் சனங்கள் அனைவரும் ஒரு போதகருக்காகத் தங்கள் மொழியை விட்டு வேறொன்றைக் கற்பதைவிட, அந்த ஒரு போதகர் அவர்களுடைய மொழியைக் கற்பது அறிவுக்குப் பொருந்தும். அவர் முதலில் போர்த்துக்கேயத்தைக் கற்றார். அக்காலத்தில் கரையோரமெங்கும் செல்லுபடியான பொதுமொழி அது. பின்னர் தமிழ். இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தீவு ஒரு மொழியைச் சட்டத்தால் திணித்து அதனால் என்ன ஆனது என்பதை 1956 முதல் பார்த்துவந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நியர் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய இந்த வாதத்தைப் படிக்கும்போது சற்று நின்றுதான் மேலே செல்ல முடிகிறது.

அவர் தமிழை எவ்வளவு தூரம் கற்றார்? 1672 இல் அம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய பெருநூலில் தமிழ் எழுத்துகளின் பட்டியல், பெயர்களும் வினைகளும் வேற்றுமையும் காலமும் ஏற்கும் முறை, தமிழில் கர்த்தருடைய செபம், விசுவாசப் பிரமாணம் ஆகியவை உள்ளன. அன்று ஐரோப்பியர் வழக்கப்படி தமிழை அவர் 'மலபார் மொழி' என்றே அழைக்கிறார். 1554 இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழ் அச்சேறியதும், 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானதும் வாசகர்கள் அறிந்தவையே. ஆயினும் தமிழின் இலக்கணம் பற்றிய விளக்கமொன்று ஐரோப்பாவில் அச்சேறியது பல்தேயஸின் நூலிலேதான் என்பது அறிஞர்களின் கருத்து. சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் வந்தது 1716 இல். இதற்கு 44 ஆண்டுகள் கழித்து. பல்தேயஸின் இலக்கணத்தைத் தமிழறிந்த ஒருவர் இன்று பார்த்தால் புன்னகை வரும். எழுத்துகளைச் செதுக்கியவருக்குத் தமிழ் தெரியாது. பல எழுத்துகள் உருக்குலைந்து கிடக்கின்றன. எடுத்துக்காட்டுகள் பேச்சு வழக்கில் கேட்டு எழுதியவை. ஆனாலும் அது சட்டம்பிமாரோடும் கோவிற்பற்றுச் சனங்களோடும் பழகிக் காதால் பிடித்த தமிழ்.

இதே நூலின் மூன்றாம் பகுதியைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை சொல்ல முடியாது. கிழக்கிந்திய மக்களின் 'விக்கிரக வழிபாடு' பற்றிய பகுதி அது. சிவன், விநாயகர், திருமாலின் அவதாரங்கள் என்று விரிவாக எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் அது நெடுங்காலம் இந்து சமயம் பற்றிய நேரடிச் சாட்சியமாகப் போற்றப்பட்டது. 1933 இல் சுவீடன் நாட்டு அறிஞர் யார்ல் சர்ப்பெந்தியர் ஒரு கையெழுத்துப் பிரதியைப் பதிப்பித்தபோது உண்மை வெளியானது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரளத்தில் பணியாற்றிய யாக்கோப்பு பெனீசியோ என்ற யேசு சபைக் குருவானவர் எழுதிய நூலின் பெரும்பகுதியைப் பல்தேயஸ் எடுத்தாண்டிருக்கிறார், பெயர் சொல்லவில்லை.

அக்காலத்தில் இது வழமைதான் என்று சொல்வோர் உண்டு. பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் என்னால் அதை அவ்வளவு இலேசாக விட முடியவில்லை. திருட்டைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இழப்பு. ஏழு ஆண்டுகள் இந்த மண்ணில் ஊரூராகத் திரிந்தவர் அவர். போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்த 1621 ஆம் ஆண்டைக் கண்ணால் கண்ட முதியவர்கள் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள். சங்கிலி மன்னனின் ஆட்சியில் வாழ்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால், மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலைக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே நமக்கு ஒரு சாட்சியம் கிடைத்திருக்கும். தாம் துரத்திய சபையைச் சேர்ந்த ஒருவரின் ஏட்டிலிருந்து மலையாளக் கரையின் கதைகளைப் பிரதி செய்து, அதைத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார்.

இருந்தும் இரண்டாம் பகுதியான இலங்கை பற்றிய வரலாறு இன்றியமையாதது. முற்றுகையின் நாட்கள், சரணடைவின் நிபந்தனைகள், குடாநாட்டின் பிரிவுகள், சாதிகள், பயிர்கள் என்று தாம் நின்று பார்த்ததை எழுதியிருக்கிறார். 1703 இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு பல இடங்களில் பிழைபட்டது. பீற்றர் புரோகியரின் மொழிபெயர்ப்பை இலங்கை வரலாற்றுச் சஞ்சிகை 1960 இல் நூலாக வெளியிட்டது; ஆர்வமுள்ளோர் அதையே தேடிப் படிப்பது நன்று.

கம்பனி அதிகாரிகளோடு பிணக்குகளும் இருந்தன. 1665 இல் பல்தேயஸ் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். ஒல்லாந்துக்குத் திரும்பியபின் கேர்விலீட் என்ற சிற்றூரில் போதகரானார். முப்பது ஆலயங்களைச் சுற்றிவந்தவருக்கு இப்போது ஓர் ஆலயம், ஒரு சபை, சொந்த மொழி. அங்கே அமர்ந்துதான் நூலை எழுதி முடித்தார். 1671 இல் காலமானார். நாற்பது வயது நிறையவில்லை.

அவர் விட்டுச்சென்ற அமைப்பு அவருக்குப் பின்னும் 130 ஆண்டுகள் இயங்கியது. 1690 இல் நல்லூரில் உள்ளூர் இளைஞர்களைப் போதகப் பணிக்குப் பயிற்றும் செமினறி ஒன்று தொடங்கப்பட்டது. தோம்பில் பெயர்கள் பெருகிக்கொண்டே போயின. 1687 இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து சில்லாலையில் தங்கியபோது, முப்பது ஆண்டுகளாகக் குருவானவரைக் காணாத கத்தோலிக்கர்கள் இரவில் அவரைத் தேடி வந்தார்கள். பகலில் இவர்களில் பலருடைய பெயர் ஒல்லாந்தரின் தோம்பில் இருந்தது. 1689 இல் நத்தார் இரவுப் பூசைக்குக் கூடியவர்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்துத் தண்டித்தனர். அதன்பின்னும் அவர்கள் விடவில்லை. யோசேவாஸ் அடிகளார் 2015 இல் கொழும்பில் வைத்துப் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

1760 ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்களாகப் பதிவு பெற்றோர் 182,226 பேர். அவர்களுள் திருவிருந்தில் பங்குகொள்ளத் தகுதி பெற்றோர் 64 பேர். பல்தேயஸ் கண்ட இடைவெளி ஒரு நூற்றாண்டில் இவ்வளவு விரிந்திருந்தது.

1795 இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். தோம்புக்கும் உத்தியோகத்துக்கும் மதம் தடையில்லை என்று ஆனதும் அந்தப் பெருந்தொகை சில ஆண்டுகளுக்குள் மறைந்துபோயிற்று. கோவில்கள் மீண்டும் எழுந்தன. 1806 இல் குளோடியஸ் புக்கனன் என்ற போதகர் யாழ்ப்பாணம் வந்து பார்த்தபோது, பல்தேயஸ் பிரசங்கித்த ஆலயங்கள் பாழடைந்து கிடந்தன. குடாநாடு முழுவதிலும் அவர் கண்ட ஒரே புரட்டஸ்தாந்து ஊழியர் கிறிஸ்தியான் தாவீது. தஞ்சாவூர்ச் சுவாட்ஸ் ஐயரின் சீடரான தமிழர். முப்பது கோவிற்பற்றுகளுக்கு மறுபடியும் ஒரே ஆள்.

1816 இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது அவர்களுக்குத் தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் கிடைத்தன. கூரையில்லாத சுவர்களும் மரம் முளைத்த முற்றங்களும். பின்னர் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய். எல்லாமே பல்தேயஸின் பட்டியலில் உள்ள ஊர்கள். அவர்கள் குடியேறிய வீடுகளின் அத்திவாரங்கள். வட்டுக்கோட்டையில் 1823 இல் எழுந்த செமினறியிலிருந்து என்ன வெளிவந்தது என்பது தனிக் கட்டுரைக்குரிய விடயம். அந்த வட்டுக்கோட்டை ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்குத் தலைமை ஆலயமாக விளங்குகிறது. சங்கானையில் முருகைக்கற் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. பல்தேயஸின் பட்டியலில் மூன்றாவதாக வரும் மயிலிட்டி 1990 இல் சனங்கள் இடம்பெயர்ந்தபின் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கிற்று. 2017 யூலையில் அதன் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது, 27 ஆண்டுகளின் பின் ஊர் திரும்பியவர்கள் பற்றைகளுக்கிடையே தங்கள் காணிகளின் எல்லைகளைத் தேடினார்கள்.